கொரிந்தியர் நிருபங்கள்: காரைக்குடிப் பக்கத்துச் சனிக்கிழமை வகுப்பு எப்படி?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வளவு வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த வேதபாட வகுப்பு நடக்கிறது. பன்னிரண்டு வாரம். பாடம், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து என்ற கிரேக்க நகரத்துச் சபைக்கு எழுதிய, புதிய ஏற்பாட்டில் உள்ள இரண்டு நிருபங்கள், அதாவது கடிதங்கள். கட்டணம் 400 ரூபாய். குறிப்பேடும் வாராவாரம் டீ, பலகாரமும் அதிலேயே சேர்த்தி. முப்பது பேருக்கு மேல் எடுப்பதில்லை. சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் நடத்துகிறார். பள்ளி ஆசிரியை ஒருவர் துணைக்கு. ‘இன்றைய கிறிஸ்தவர்களுக்குக் கொரிந்து தரும் பாடங்கள்’ என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, வாரம் ஓர் அறிவுரை சொல்லி அனுப்புவார்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல வாரங்களில் நடப்பது வேறு. மோசமான வாரங்களில் மட்டும் துண்டறிக்கை சொன்னபடியே நடக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதியது பிரசங்கம் இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு, சண்டையின் விவரம் தெரிந்த ஒருவர் எழுதிய பதில். சண்டையை முதலில் புரியவைத்தால் பாடம் தானாக வரும். சண்டையைத் தாண்டிவிட்டு நேராகப் பாடத்துக்குப் போனால் எந்தச் சபைக்கும் பொருந்துகிற, யாருக்கும் உறைக்காத வாசகம்தான் மிஞ்சும். இந்த வகுப்பின் நல்ல வாரங்களையும் மோசமான வாரங்களையும் பிரிப்பது இது ஒன்றுதான்.

முதல் வாரம் நகரத்தின் கதை. கி.மு. 146-ல் ரோமத் தளபதி மும்மியுஸ் கொரிந்தை அழித்ததும், கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவியதும், மேற்கே லெகாயோன், கிழக்கே கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகம் வைத்துப் பிழைத்த ஊர் என்பதும் சுருக்கமாக வருகின்றன. பழைய குடும்பப் பெருமை அதிகம் இல்லாத, புதுப் பணம் புழங்கும் வியாபார ஊர். அங்கே யார் யாரைவிடப் பெரியவர் என்பது தினசரிக் கேள்வி. இதைச் சொல்லிவிட்டுத்தான் நிருபத்தைத் திறக்கிறார்கள். நல்ல வரிசை. காலக்கணக்கையும் ஒழுங்காகச் சொல்கிறார்கள். தெல்பியில் கிடைத்த கல்வெட்டைக் கொண்டு, அப்போஸ்தலர் நடபடிகள் 18-ல் வரும் கல்லியோன், கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்துக்கு அதிபதியாக இருந்தது கி.பி. 51-52 வாக்கில் என்று தெரிகிறது; பவுல் அங்கே தங்கிய ஒன்றரை வருஷம் அதை ஒட்டி. முதல் நிருபம் அதற்குச் சில வருஷம் கழித்து எபேசுவிலிருந்து போகிறது.

ஒரே ஒரு இடறல். கொரிந்தில் 1929-ல் கிடைத்த நடைபாதைக் கல்வெட்டில் வரும் எராஸ்துஸ்தான் ரோமர் 16:23-ல் பட்டணத்து உக்கிராணக்காரனாக வரும் ஏரஸ்து என்று அடித்துச் சொல்கிறார்கள். அந்தக் கல்வெட்டு சொல்வது, அந்தப் பெயருள்ள ஒருவர் தமக்குக் கிடைத்த நகரப் பதவிக்காகச் சொந்தச் செலவில் தளம் போட்டார் என்பதுதான். அதே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் தீராத விஷயம். ‘இருக்கலாம்’ என்று சொன்னால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடப் போவதில்லை.

இரண்டாம் வாரத்தில் கொடுக்கும் பென்சில் வேலை இந்த வகுப்பின் மிக உபயோகமான காரியம். வீட்டில் தனியாகவும் செய்யலாம். சிவப்பு, நீலம் என இரண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிருபத்தில் பவுலுக்குக் காதுவழியாக வந்த செய்தி எல்லாம் சிவப்பு: 1:11-ல் குலோவேயாளின் வீட்டார் சொன்னது, 5:1-ல் எங்கும் பேச்சாக அடிபட்டது, 11:18-ல் ‘கேள்விப்படுகிறேன்’ என்பது. சபை எழுதிக் கேட்ட கேள்விக்கான பதில் நீலம். 7:1-ல் ‘நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து’ என்று ஆரம்பித்து, 7:25, 8:1, 12:1, 16:1, 16:12 என்று ‘குறித்து’ வரும் இடங்களை வட்டமிட்டுக்கொண்டே போக வேண்டும். முடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். கல்யாணம், படையல் இறைச்சி, ஆவிக்குரிய வரங்கள், தர்மப்பணம் பற்றியெல்லாம் சபை எழுதிக் கேட்டிருக்கிறது. கோஷ்டிச் சண்டை, தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தவன், பந்தியில் ஏழைகள் பட்டினி கிடந்தது ஆகியவை சிவப்பில் கிடக்கின்றன. அந்தப் பக்கத்துச் செய்தி வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தது. எந்தச் சபையும் தலைமைக்கு எழுதும் அறிக்கையில் எதைப் போடும், எதை விடும் என்று கமிட்டியில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

5:9-ஐயும் வட்டமிடச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே பவுல் ஒரு நிருபம் எழுதியிருக்கிறார். அது நமக்குக் கிடைக்கவில்லை. 2 கொரிந்தியர் 2:4-ல் கண்ணீரோடு எழுதியதாகச் சொல்லும் நிருபம் எது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஆக நம் கையில் இருப்பது ஒரு நீண்ட கடிதப் போக்குவரத்தின் இரண்டு துண்டு. கொரிந்தியர் எழுதிய பக்கம் முழுசாகத் தொலைந்துவிட்டது. ‘ஸ்திரீயைத் தொடாமலிருப்பது மனுஷனுக்கு நல்லது’ என்ற 7:1-ஐப் பவுலின் கட்டளை என்று எடுப்பதா, அவர்கள் எழுதிய வரியைப் பவுல் எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறார் என்று எடுப்பதா என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அடுத்த வசனங்களிலேயே தம்பதிகள் ஒருவரை ஒருவர் விலக்கிவைக்க வேண்டாம் என்கிறார். புருஷனுக்கு மனைவியின் சரீரத்தின்மேல் அதிகாரம் உண்டென்றால், மனைவிக்கும் புருஷன் சரீரத்தின்மேல் அதே அதிகாரம் உண்டு என்று 7:4-ல் சரிசமமாக எழுதுகிறார். அந்தக் காலத்தில் முதல் பாதியை எவரும் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் பாதி புதுசு. நான்காம் வார வகுப்பு இதை ஐந்து நிமிஷத்தில் கடந்து, விவாகரத்துப் பற்றிய வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்டது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் புதிதாகக் கல்யாணமானவர்கள். நஷ்டம்தான்.

ஏழாம் வாரத்துக்காக மட்டுமே 400 ரூபாய் கொடுக்கலாம். அது 11-ஆம் அதிகாரம், இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து.

இங்கே வகுப்பு நடக்கும் வீடே பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. முகப்பைத் தாண்டினால் தூண்கள் சுற்றிய வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், ஓரத்தில் உயர்ந்த பட்டாலை, பின்னால் இரண்டாங்கட்டு. கொரிந்திலும் சபை கூடியது வசதியானவர்கள் வீட்டில். அனப்ளோகா என்ற இடத்தில் தோண்டியெடுத்த ஒரு வீட்டின் அளவைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள்: சாப்பாட்டு அறை சுமார் 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர், முற்றம் சுமார் 5 மீட்டருக்கு 6 மீட்டர். ரோமர் சாய்ந்து படுத்துச் சாப்பிடுவார்கள். மஞ்சம் போட்டால் அந்த அறையில் ஒன்பது பத்துப் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் தம் தரத்து நண்பர்களை உள்ளே அழைத்துக்கொள்வார். அவர்களுக்கு வேலைவெட்டியின் நேரக்கட்டு இல்லை, சீக்கிரம் வந்துவிடுவார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வருவதற்குள் உள்ளே பாத்திரம் காலி. இப்படி நடத்துவது அன்றைக்கு யாருக்கும் அநியாயமாகத் தோன்றாது. விருந்தாளிகளைத் தரம் பிரித்து மூன்று தரத் திராட்சரசம் ஊற்றிய ஒருவரைப் பற்றி, கொஞ்சம் பிந்திய காலத்து ரோமரான இளைய பிளினி தம் கடிதம் ஒன்றில் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். வழக்கம் அவ்வளவு சாதாரணம்.

இதை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் செய்து காட்டுகிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்பது பேரைக் கூப்பிட்டுப் பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்து, இலை போட்டு, கந்தரப்பம், மசாலாச் சீயம், வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல் என்று வரிசையாகப் பரிமாறுகிறார்கள். மிச்சப் பேர் முற்றத்தைச் சுற்றி நிற்க வேண்டும். கையில் காலி டம்ளர். ஆசிரியை 11:17-லிருந்து நிதானமாக வாசிக்கிறார். ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்ற இடம் வரும்போது பட்டாலையில் இருப்பவர்கள் மெல்லுவதை நிறுத்திவிடுகிறார்கள். முற்றத்தில் நின்ற ஒரு பெரியவர், “ஐயா, கடைசிப் பந்திக்கு ரசமாச்சும் மிஞ்சுமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆயர் சிரிக்கவில்லை, “போன அசனத்துல மிஞ்சல” என்றார், சபை விருந்தைச் சொல்லி.

அதற்குமேல் பேச்சு உண்மையான பேச்சாக மாறிவிட்டது. திருவிருந்தை அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிப்பது என்றால் என்ன என்று கேட்டால் நம் சபைகளில் பெரும்பாலும் தனி ஆளின் ரகசியப் பாவத்தைத்தான் சொல்வார்கள். நிருபத்தில் அந்த எச்சரிக்கை வருவது பந்தியில் ஏழையை வெட்கப்படுத்தியதை ஒட்டி. பவுல் கடைசியில் கொடுக்கும் தீர்வும் பெரிய தத்துவம் இல்லை: ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’.

வகுப்பு அதைச் சபை விருந்துக்கு எப்படி இறக்கியது என்பதை அப்படியே தருகிறோம். எந்த அசனத்துக்கும் உதவும். 100 பேருக்கு பிரியாணி என்றால் அரிசி 10 முதல் 12 கிலோ. அரிசி குறைவது அபூர்வம், குறைவது கறிதான். காரணம், முதல் பந்தியில் பரிமாறுகிறவர் தாராளமாக அள்ளி வைக்கிறார். அங்கே உட்கார்ந்திருப்பது ஆயர், கமிட்டிக்காரர்கள், வெளியூர் விருந்தாளிகள். மூன்றாம் பந்திக்குச் சமைத்தவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் உட்காரும்போது எலும்பும் மசாலாவும் மட்டும் கிடக்கும். அதனால் முதல் பந்திக்கு முன்பே கறியைப் பந்திக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்து மூடிவைத்துவிட வேண்டும். இரண்டாவது, கமிட்டிக்காரர்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைக்க வேண்டும். அவர்கள் கடைசியில் சாப்பிடுவது உறுதி என்றால் கணக்கு தப்பாது. மூன்றாவது, தனி மேசை வேண்டாம். சுகர்க்காரர்களையும் முடியாதவர்களையும் மட்டும் முதலில் அமர்த்தினால் போதும். இதைவிடத் தெளிவாக 11-ஆம் அதிகாரத்தை நடத்த முடியும் என்று தோன்றவில்லை.

படையல் இறைச்சி பற்றிய 8 முதல் 10 வரையான அதிகாரங்களும் இந்தப் பக்கத்துக்கு நேரடியாகப் பொருந்தும். ஆனால் இரண்டு வாரமாகத் துண்டு போட்டுவிட்டதால் கொஞ்சம் கெட்டது. பவுல் மூன்று நிலைமையைப் பிரிக்கிறார். கோவில் வளாகத்து விருந்தில் போய் உட்காருவது (8:10, 10:21), கடையில் விற்கிற இறைச்சியை வாங்குவது (10:25), நண்பர் வீட்டு விருந்துக்குப் போவது (10:27). முதலாவது கூடாது, மற்ற இரண்டிலும் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே. கொரிந்தில் அஸ்கிளேப்பியோஸ் கோவில் வளாகத்திலேயே மூன்று சாப்பாட்டு அறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் 11 மஞ்சம். பிறந்தநாள், நன்றி விருந்து எல்லாம் அங்கே நடக்கும் என்று சேர்த்துச் சொன்னால்தான் முதல் நிலைமை புரியும். ஐந்தாம் வாரம் 8-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டதால், ‘அப்படியானால் எதையும் தொடக்கூடாது’ என்ற முடிவோடு சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் 10:27 வந்தபோது அவர்களில் மூன்று பேர் வரவில்லை. பாடத்தை எங்கே வெட்டுவது என்பது சின்ன விஷயம் இல்லை. அதிகாரப் பிரிவே 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, பவுல் போட்டது இல்லை.

வந்தவர்களோடு நடந்த பேச்சு நன்றாக இருந்தது. ஆயுத பூஜை அன்று ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும் பொரி, கடலை; பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையார் நோன்பு முடிந்து கொடுத்தனுப்பும் பலகாரம்; ஊர்த் திருவிழாவில் கிடாவெட்டிப் போடும் விருந்து. மூன்றும் ஒன்றில்லை என்று ஆயர் பிரித்துக் காட்டினார். கொடுத்தவர் முகத்துக்கு நேராகத் தட்டிவிட்டு அதைச் சாட்சி என்று சொல்லிக்கொள்வது, யாருக்கும் இடறலாக இருக்காதீர்கள் என்ற 10:32-க்கே எதிராகப் போகும். தினம் சேர்ந்து வேலைபார்க்கிற, புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துத் தடுமாறுவார் என்றால் விட்டுவிடுவது 8:13. கேள்வி ‘இது தீட்டா’ என்பது இல்லை, ‘என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன ஆகும்’ என்பது. இதை ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவாகவே பேசினார்கள்.

மூன்றாம் வாரம்தான் எங்களுக்குப் பெரிய வருத்தம். 5, 6 அதிகாரங்கள். சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போடுவதைப் பவுல் கண்டிக்கிறார், உண்மை. ரோமக் குடியேற்றத்தின் சிவில் நீதிமன்றத்தில் அந்தஸ்தும் பணமும் உள்ளவன் பக்கம் தராசு சாயும். வழக்குப் போடுவது பெரும்பாலும் வலியவன் எளியவனை நசுக்கும் வழி. 6:2-ல் ‘அற்ப வழக்குகள்’ என்று அவரே சொல்கிறார். பேச்சு சொத்து, பணத் தகராறு பற்றியது. இதே பவுல் உயிருக்கு ஆபத்து என்றபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25:11). இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘விசுவாசி போலீஸ் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது’ என்று வகுப்பில் பொத்தாம் பொதுவாகச் சொல்லப்பட்டது. இது தவறு மட்டுமில்லை, ஆபத்து. குழந்தைமேல் நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 19-ஆம் பிரிவு தெரிந்தவர் எல்லோருக்கும் அந்தக் கடமையை வைக்கிறது. மனைவியை அடிக்கிறவனைக் கமிட்டி கூட்டி ‘சமாதானம்’ பண்ணிவைப்பதற்கு இந்த அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிற சபைகள் உண்டு. உண்மையில் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் கோபப்படுவது ஒரு அக்கிரமத்தைத் தெரிந்துகொண்டே சபை இறுமாப்போடு சும்மா இருந்ததற்காக. இரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்தால் மூடி மறைப்பதற்கு இடமே இல்லை. அடுத்த முறை வகுப்பு நடத்தும்போது இந்த ஒரு வாரத்தையாவது வக்கீல் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்.

கோஷ்டிச் சண்டை பற்றிய முதல் நான்கு அதிகாரங்கள் பரவாயில்லை. ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று இரண்டு ஊழியர்களின் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டியதை ஊர் முழுக்க நிற்கும் கன்வென்ஷன் பிளெக்ஸ் போர்டுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். பவுலும் அப்பொல்லோவும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடவில்லை என்பதை 16:12-ஐக் காட்டிச் சொன்னது நல்ல கவனிப்பு: அப்பொல்லோவை மறுபடி கொரிந்துக்குப் போகச் சொல்லிப் பவுலே மிகவும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சண்டை தலைவர்களுக்குள் இல்லை, ரசிகர்களுக்குள்.

12 முதல் 14 வரை கூட்டிக்கழித்தால் சுமார். அன்பின் அதிகாரத்துக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற மாதிரி நடத்திவிட்டார்கள். ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது’ என்பதைத் தொடர்ந்து வரும் ‘பொறாமையில்லை, புகழாது, இறுமாப்பாயிராது’ எல்லாம் கொரிந்தியர் செய்துகொண்டிருந்த காரியங்கள். வசனத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் முந்தைய அதிகாரங்களில் ஒரு சம்பவம் இருக்கிறது. அதைத் தேடிப் பொருத்தியிருந்தால் பென்சில் வேலையைவிட நன்றாக வந்திருக்கும். ஆவியின் ஏவலால் மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் பேசும் அந்நியபாஷை பற்றிய வாரத்தில் பெந்தெகொஸ்தே நண்பர்களும் மற்றவர்களும் மரியாதையாகவே பேசினார்கள். 14:27-ன் கணக்கு யாருக்கும் சண்டைக்கு இடம் தராதது: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமல் இருக்க வேண்டும். வெளியாள் உள்ளே வந்தால் பைத்தியம் என்று நினைப்பாரே என்ற 14:23-ஐ, தெருப் பக்கம் திருப்பிவைத்த ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் பொருத்தினார்கள், சரிதான்.

பெண்கள் சபையில் பேசுவது பற்றி ‘அவரவர் சபை வழக்கப்படி’ என்று நழுவிவிட்டார்கள். 11:5-ல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் நடக்கிற காரியமாக எடுத்துக்கொண்டே பேசுகிறார். 14:34-ல் பேசாமல் இருக்கச் சொல்கிறார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 14:34-35 அதிகாரத்தின் கடைசியில், 40-ஆம் வசனத்துக்குப் பின் இருக்கிறது. இவ்வளவையும் மேசைமேல் வைத்துவிட்டாவது நழுவியிருக்கலாம். வகுப்பின் பாதி வேலையைச் செய்பவரே ஒரு ஆசிரியை என்பதால் இந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. உயிர்த்தெழுதல் பற்றிய 15-ஆம் அதிகாரம், முழு நிருபத்திலும் நீளமானது, 14-ஓடு ஒரே மாலையில் அமுக்கப்பட்டு நாற்பது நிமிஷத்தில் முடிந்தது.

இரண்டாம் நிருபத்துக்குக் கடைசி இரண்டே வாரம். பத்தாது. போதகர் சம்பளம், ஊழியக்காரரின் ஆடம்பரம், சிபாரிசுக் கடிதம், பேச்சுத் திறமையை வைத்து ஆளை எடைபோடுவது எல்லாம் இதில்தான் இருக்கின்றன. கொரிந்தியர் கொடுத்த பணத்தைப் பவுல் வாங்கவில்லை. மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை வாங்கிக்கொண்டார் (11:9). பணம் கொடுத்தவன் தன்னைச் சொந்தம் கொண்டாடும் ஊரில் ஏன் அப்படிச் செய்தார் என்பது ஒரு முழு மாலைக்கான பேச்சு. 10-ஆம் அதிகாரத்தில் தொனி சட்டென்று மாறுவதும் தொடப்படவே இல்லை.

ஆனாலும் 8, 9 அதிகாரங்களை நடத்திய அரை மாலை நன்றாக இருந்தது, வட்டிக்கணக்கும் ஐந்தொகையும் பிறந்து வளர்ந்த இந்தச் சீமைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கிறார்கள். போன வருஷமே தொடங்கிய கொரிந்தியர் இன்னும் முடிக்கவில்லை (8:10-11). முதல் நிருபத்தில் சொன்ன முறை எளிது: வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைப்பது, தாம் வந்தபிறகு ஓடியாடி வசூலிக்க வேண்டாம் என்கிறார். பணத்தைச் சேர்த்து முடிக்கப் பவுல் அனுப்புவது தம் உடன் ஊழியரான தீத்துவையும் இன்னும் இரண்டு சகோதரரையும். அந்த இரண்டு பேரில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். ஏன் இத்தனை பேர்? ‘ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு’ என்று 8:20-ல் காரணமும் சொல்லிவிடுகிறார். அப்போஸ்தலன் என்பதற்காக நம்புங்கள் என்று கேட்கவில்லை.

இதிலிருந்து வகுப்பு எழுதிக் கொடுத்த நடைமுறை: காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, உறவில்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். 500, 200, 100 என்று நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, நகலை எண்ணாத மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். பணம் அடுத்த வேலை நாளிலேயே வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டு மிச்சத்தைக் கட்டும் பழக்கம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர், ஏனென்றால் வரவு எவ்வளவு என்பதே அப்புறம் யாருக்கும் தெரியாது. ஜி-பே க்யூ.ஆர். அட்டை சபைக் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும், போதகரின் சொந்த நம்பரில் இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் பற்று வரவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எதிர்ப்பு தெரிவித்தவர் ஒருவர், “எங்க ஐயாவ நாங்க சந்தேகப்படல” என்றார். “பவுலையும் யாரும் சந்தேகப்படுறதுக்கு முன்னாடியே அவரு ஆள் சேத்துக்கிட்டாருல்ல” என்று ஆசிரியை பதில் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். முதல் வாரத்துக்கு முன் 1 கொரிந்தியரை ஒரே உட்காரலில் சத்தமாக வாசித்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் அந்தச் சபை அதைக் கேட்டது அப்படித்தான். வகுப்பில் பழைய திருப்புதல், பொது மொழிபெயர்ப்பு என்ற இரண்டு தமிழ் வேதாகமங்களும் கலந்து புழங்குகின்றன, ஊர்ப்பெயர் ஆட்பெயர் எழுத்து மாறும். அதிகார, வசன எண்ணைப் பிடித்துக்கொண்டால் தொலைய மாட்டீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சி, வெயில் காலத்துக்கு சுகம். முட்டி வலிக்காரர்கள் முதலிலேயே சொல்லி நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள், இருப்பதே எட்டு. தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிரொலியில் ஒரு வார்த்தையும் புரியாது. முற்றத்தின் தெற்குப் பக்கம் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் முற்றத்து மழைச்சத்தம் பேச்சை மூழ்கடித்துவிடும், அந்தப் பருவத்துக் குழுவைத் தவிர்க்கலாம். குறிப்பேட்டில் தேசப்படம் இல்லை, நான்காம் வாரத்துக்கு இரண்டே பக்கம், அச்சுப்பிழை நிறைய; 9:4-க்கு 9:14 என்று போட்டிருப்பது உட்பட. தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏழு மணிக்கு முடியும் என்று நம்பிப் பஸ்ஸைக் கணக்குப் போட வேண்டாம். ஏழரைக்கு முன் ஒரு வாரமும் முடிந்ததில்லை.